நிலத்தின் கச்சேரி

கான்சாஸ் மாநிலத்தின் காட்டன்வுட் ஃபால்ஸ் ஊரில் பிராட்வே என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. பெயர்தான் நியூயார்க்கை நினைவூட்டும். தெரு என்னவோ செங்கல் பாவிய சின்னத் தெருதான். வடக்குக் கோடியில் ஆறு, பழைய மில் அணை. தெற்குக் கோடியில் தெருவையே மறித்துக்கொண்டு நிற்கிறது சேஸ் கவுண்டியின் கோர்ட் கட்டடம். வெளிறிய சுண்ணாம்புக்கல் சுவர்கள், செங்குத்தாகச் சரியும் மான்சார்டு கூரை, கூரைக்கு மேல் கடிகாரக் கோபுரம், அதற்கும் மேலே கொடிக்கம்பம். சுற்றியுள்ள கடைகளில் பெரும்பாலானவை ஒற்றை மாடி, இரட்டை மாடி. ஊரின் மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடவில்லை. யாருக்காக இவ்வளவு உயரம் என்ற கேள்வி, படத்தில் பார்த்தாலே எழும்.

வடிவமைத்தவர் ஜான் ஹாஸ்கல். டொபீகாவில் இருக்கும் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. பாணி பாரிஸிலிருந்து வந்தது. மூன்றாம் நெப்போலியன் பாரிஸை இடித்துக் கட்டிய காலத்துப் பாணி. அந்தச் சக்கரவர்த்தி 1870 செப்டம்பரில் செடானில் பிரஷ்யர்களிடம் பிடிபட்டு அரசையும் இழந்தான். அதற்கு அடுத்த ஆண்டு, புல்லைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஒரு சமவெளி மேட்டில், அவன் காலத்துப் பாணிக் கூரையை ஏற்ற ஆரம்பித்தார்கள். 1873ல் கட்டடம் முடிந்தது. செலவு நாற்பதாயிரம் டாலருக்கும் சற்று மேல். கவுண்டி உருவாகி அப்போது பதினான்கு வருடம்தான் ஆகியிருந்தது. கான்சாஸில் இன்னும் அதே வேலைக்குப் பயன்பட்டு வரும் கோர்ட் கட்டடங்களில் இதுதான் பழையது.

கோர்ட் என்று சொன்னாலும் வழக்கு நடப்பது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். நம்மூர் தாலுகா கச்சேரி, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ், முன்சீப் கோர்ட், ஆர்.டி.ஓ. ஆபீஸ் நான்கையும் ஒரே கூரையின் கீழ் அடைத்தால் கிட்டத்தட்ட அது அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டியின் கோர்ட் கட்டடம். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கியமான பலர் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள். பத்திரப் பதிவாளர், பொருளாளர், கவுண்டி கிளார்க், ஷெரிஃப், கவுண்டி வக்கீல் எல்லோரும் கட்சிச் சீட்டில் போட்டியிட்டு நான்கு வருடத்துக்கு வருகிறார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் வேண்டுமென்றால் பொருளாளரிடம்தான் போக வேண்டும். நிலம் வாங்கினால் பதிவாளரிடம். மாவட்ட நீதிமன்றம் மட்டும் தனிச் சொத்து இல்லை. பக்கத்து லயன் கவுண்டியோடு சேர்த்து ஐந்தாவது நீதி மாவட்டம்.

உள்ளே போனால் கண்ணை இழுப்பது படிக்கட்டு. கறுப்பு வால்நட் மரத்தில் இழைத்த சுருள் படிக்கட்டு மூன்று தளத்துக்கும் வளைந்து வளைந்து ஏறுகிறது. கைப்பிடி ஒன்றரை நூற்றாண்டு உள்ளங்கைகளில் மெருகேறியிருக்கிறது. வரி கட்ட வந்தவன், விவாகரத்துக்கு வந்தவள், விலங்கு மாட்டி இழுத்து வரப்பட்டவன் எல்லோரும் பிடித்த கைப்பிடி அது. கடைசியில் சொன்னவன் அதற்குப் பிறகு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிறையும் அதே கட்டடத்தில் மாடியிலேயே இருந்தது. இரும்புக் கூண்டுகள், சுவரில் கைதிகள் கீறிய பெயர்கள், தேதிகள். 1973 வரை ஆட்களை அடைத்தார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். உச்சியில் ஒரு ஜன்னல். அதில் முகத்தை வைத்தால் பிராட்வே முழுக்கக் கீழே நீளும், ஆற்றுவரை.

இந்தக் கவுண்டியில் 2020 கணக்கெடுப்புப்படி 2,572 பேர். பரப்பு சுமார் 775 சதுர மைல். அதாவது சதுர மைலுக்கு மூன்றே சொச்சம் பேர். 1900ல் எட்டாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். கூட்டம் அன்றிலிருந்து கரைந்துகொண்டே வருகிறது. ஆனால் கட்டடத்தில் ஒரு மேஜைகூடக் காலியானதாகத் தெரியவில்லை. பதிவாளர் இருக்கிறார், பொருளாளர் இருக்கிறார், மூன்று கமிஷனர்களும் இருக்கிறார்கள். மக்களுக்காகக் கட்டிய இடமென்றால் இது வீண் செலவு. எனக்கு என்னவோ இது மக்களுக்காகக் கட்டிய இடமாகவே தோன்றவில்லை. 775 சதுர மைல் நிலம் இருக்கிறது, அது எங்கேயும் கிளம்பிப் போகாது, அதன் கணக்கை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கோபுரம்.

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சேஸ் கவுண்டி ஃப்ளின்ட் ஹில்ஸ் என்ற மேட்டுநிலத்தின் நடுவில் கிடக்கிறது. பெர்மியன் காலத்தில் கடலாக இருந்த இடம். கடல் ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சுண்ணாம்புக்கல் ஒரு படுகை, களிப்பாறை ஒரு படுகை என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டுப் போனது. சுண்ணாம்புக்கல்லுக்குள் சக்கிமுக்கிக் கல் முண்டு முண்டாக உட்கார்ந்திருக்கிறது. மழை சுண்ணாம்பைக் கரைக்கும்; சக்கிமுக்கியை ஒன்றும் செய்ய முடியாது. அது மண்ணோடு கலந்து மேலேயே தங்கிவிட்டது. ஓர் அடி தோண்டினால் கல். கலப்பைக் கொழு மடங்கிவிடும். அயோவாவும் இல்லினாயும் சோளமாகவும் சோயாவாகவும் மாறிய பிறகும் இங்கே புல் புல்லாகவே நின்றதற்கு இந்தக் கல்தான் காரணம். யாருடைய சூழல் அக்கறையும் காரணமில்லை. வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் சுமார் 17 கோடி ஏக்கருக்கு உயர்புல் பரவிக் கிடந்தது. இன்று நான்கு சதவீதத்துக்கும் குறைவாகவே மிச்சம். அந்த மிச்சத்திலும் பெரும்பங்கு இந்தக் கல்மேட்டில்.

ஆற்றோரப் பள்ளங்கள் வேறு கதை. காட்டன்வுட் ஆறும் அதன் கிளைகளும் கொண்டுவந்து போட்ட வண்டல் ஆழமானது. அங்கே கோதுமையும் சோளமும் சோயாவும் விளைகின்றன. ஊர்கள், ரயில், நெடுஞ்சாலை எல்லாம் அந்தப் பள்ளத்தை ஒட்டியே. மேலே ஏறினால் மாடு. பண்ணைக்காரர்கள் மே மாதத்தில் வெளியூர் மாடுகளைக் கொண்டுவந்து விடுவார்கள். நாளுக்கு இரண்டு பவுண்டு எடை ஏறும். எடை ஏறியதும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். டெக்சஸிலிருந்து ரயிலில் மாடு வந்த காலம் முதல் இதுதான் ஏற்பாடு. இங்கே விளைவது புல், விற்பது இறைச்சி, பல நேரம் நிலத்துக்காரர் இருப்பது வேறெங்கோ.

மாடு வருவதற்கு முன்னால் தீ வைக்க வேண்டும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காற்று தணியும் மாலைகளில் மேடு மேடாகக் கொளுத்துவார்கள். கரிந்த நிலம் சில நாளில் பச்சைப் பிடிக்கும். தீ இல்லாவிட்டால் சீடார் மரங்கள் புகுந்து புல்லை மூடிவிடும் என்பது கான்சாஸின் மன்ஹாட்டன் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள கோன்சா ஆய்வு நிலத்தில் பல பத்தாண்டுகள் பார்த்துச் சொன்ன விஷயம். ஆனால் புகை கவுண்டி எல்லையில் நிற்பதில்லை. கான்சாஸ் சிட்டி வரைக்கும் போகும், சில வருடம் நெப்ராஸ்காவுக்கும். 2010ல் மாநில அரசு புகைக்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. கொளுத்துகிறவன் முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தூரத்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு யாராவது கூப்பிட, தீயணைப்பு வண்டி கிளம்பிவிடும்.

இப்படிப்பட்ட நிலத்தின் மேல் ஒரு கோட்டுக் கட்டம் போட்டிருக்கிறார்கள். 1785ஆம் வருடச் சட்டம் சொன்னபடி ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதை நான்காக வெட்டினால் 160 ஏக்கர். 1862ன் ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறிக்குக் கொடுத்த அளவு அதுதான். கான்சாஸில் 16ஆம், 36ஆம் செக்‌ஷன்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்டன. காட்டன்வுட் ஃபால்ஸ் இருப்பது டவுன்ஷிப் 19 தெற்கு, ரேஞ்ச் 8 கிழக்கு. கணக்கு எளிது. நெப்ராஸ்கா எல்லையான நாற்பதாம் அட்சக்கோட்டிலிருந்து தெற்கே 19வது கட்டம். விச்சிட்டா பக்கமாகப் போகும் ஆறாவது முதன்மைத் தீர்க்கக் கோட்டிலிருந்து கிழக்கே எட்டாவது கட்டம். இந்த இரண்டு எண்ணையும் செக்‌ஷன் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த வயலுக்குப் போய்விடலாம். பெயர் வேண்டாம், மரம் வேண்டாம், ஓடை வேண்டாம்.

அளந்தவர்கள் கையில் இருந்தது 66 அடி நீளமுள்ள கன்டர் சங்கிலி. நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மதறாஸ் ராஜதானியில் சர்வேக்காரர்கள் இழுத்ததும் இதே சங்கிலியைத்தான். ஆயிரம் சதுரக் கண்ணிதான் நாம் சொல்லும் ஒரு சென்ட். தஞ்சாவூர்க்காரரும் சேஸ் கவுண்டிக்காரரும் ஒரே இரும்பால் அளக்கப்பட்டவர்கள். ஆனால் தஞ்சாவூரில் சங்கிலி வருவதற்கு முன்பே வரப்பு இருந்தது, வரப்புக்குப் பெயரும் சண்டையும் இருந்தன. சர்வேக்காரன் அவற்றைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருந்தது. கான்சாஸில் சங்கிலி நேராகவே போனது. வளைந்து போக அவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

கட்டத்துக்குள் வந்தவர்கள் வேலி போட்டார்கள். மரம் கிடையாது, கல் ஏராளம். 1867ல் கான்சாஸ் சட்டமன்றம் திறந்தவெளி மேய்ச்சலை நிறுத்திவிட்டு, நாலரை அடி உயரக் கல்வேலிக்கு ரோடுக்கு 40 சென்ட் என்று கொடுத்தது. ரோடு என்பது சங்கிலியில் கால்வாசி. பிறகு முள்கம்பி வந்தது. இந்த வேலி விஷயத்தில் கவுண்டி அரசாங்கம் செய்யும் வேலை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கான்சாஸ் சட்டப்படி கவுண்டி கமிஷனர்கள்தான் வேலி பார்வையாளர்கள். பட்ஜெட் போட்டு, சாலைக்கு ஜல்லி அனுப்பி, வரிவிகிதம் நிர்ணயிக்கிற அதே ஆட்கள், இரண்டு பண்ணைக்காரர்களுக்குள் வேலித் தகராறு வந்தால் நேரில் போய் நின்று பார்த்து, எந்தப் பக்கம் யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தாங்கள் போகாவிட்டால் தங்கள் சார்பில் ஆள் அனுப்ப வேண்டும்.

தீர்ப்புக்கு முன்பே வழக்கம் ஒன்று இருக்கிறது. பொதுவேலியின் நடுப்புள்ளியில் இரண்டு பேரும் அவரவர் நிலத்தில் நின்றுகொண்டு எதிரும் புதிருமாகப் பார்க்க வேண்டும். அவரவர் வலது கைப் பக்கம் போகிற வேலி அவரவர் பொறுப்பு. எழுத்தில் இல்லாத விதி, எல்லோரும் அறிந்த விதி. ஒருவன் தன் பாதியை நல்ல இரும்புத் தூண் நட்டு ஐந்து கம்பி இழுத்துக் கட்டியிருப்பான். நடுப்புள்ளியைத் தாண்டினால் அடுத்தவனின் சாய்ந்த ஹெட்ஜ் மரத்தூணும் துருப்பிடித்த கம்பியும் ஆரம்பித்துவிடும். யாரைப் பற்றியும் விசாரிக்க வேண்டாம், வேலியைப் பார்த்தாலே போதும். கவுண்டிக்குக் களையதிகாரியும் உண்டு. கான்சாஸில் ஒவ்வொரு கவுண்டியும் தீங்குக் களை ஒழிப்புக்கென ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. செரிசியா லெஸ்பெடீசா என்ற ஆசியச் செடி மண் அரிப்பைத் தடுக்கவும் தீவனத்துக்காகவும் கொண்டுவரப்பட்டு, மாடு தீண்டாத புதராகப் பரவி, 2000ல் மாநிலம் முழுக்கத் தீங்குக் களைப் பட்டியலில் ஏறியது. அரசாங்கம் என்றால் வாஷிங்டன் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே அரசாங்கத்தின் கண் பெரும்பாலும் தரையைப் பார்த்தே இருக்கிறது.

விபத்துகூடக் கவுண்டிக் கணக்குதான். 1931 மார்ச் 31 அன்று கான்சாஸ் சிட்டியிலிருந்து கிளம்பிய ஃபோக்கர் விமானம் பசார் என்ற குக்கிராமத்துக்குப் பக்கத்தில் மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் நோட்டர் டேம் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி; அப்போது நாடு முழுக்கத் தெரிந்த முகம். மரத்தால் செய்த இறக்கை பிய்ந்துகொண்டதுதான் காரணம் என்று தெரியவந்து, பயணிகள் விமானம் மரத்திலிருந்து உலோகத்துக்கு மாறும் வேகம் கூடியது. பிணவிசாரணை காட்டன்வுட் ஃபால்ஸில் நடந்தது. வானத்திலிருந்து விழுந்தாலும் ஏதாவது ஒரு கவுண்டியில்தானே விழ வேண்டும்.

கவுண்டியின் அளவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். குடியானவன் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் குதிரையில் கோர்ட்டுக்குப் போய் வேலை முடித்துச் சூரியன் சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும், அதனால்தான் கவுண்டிகள் இத்தனை சின்னது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையாகவும் இருக்கலாம். மறுபாதி ரியல் எஸ்டேட். தலைமையிடம் எந்த ஊருக்குக் கிடைக்கிறதோ அந்த ஊர் மனைக்கு விலை. கான்சாஸில் இதற்காகத் துப்பாக்கி தூக்கியிருக்கிறார்கள். 1888ல் ஸ்டீவன்ஸ் கவுண்டியில் ஹியூகட்டனுக்கும் உட்ஸ்டேலுக்கும் நடந்த போட்டியில் வைக்கோல் வயலொன்றில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1889 ஜனவரியில் கிரே கவுண்டியில் இங்கல்ஸ் ஊர்க்காரர்கள் டாட்ஜ் சிட்டியிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சிமரான் ஊர் கோர்ட்டுக்குள் புகுந்தார்கள். பணப்பெட்டிக்காக வந்தவர்களில்லை. பதிவேடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வந்தார்கள். பதிவேடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் தலைமையிடம் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சேஸ் கவுண்டியில் ரத்தம் சிந்தவில்லை. ரயில் வந்தபோது ஆற்றுக்கு வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. அங்கே எழுந்த ஊர் ரயில் கம்பெனித் தலைவர் ஒருவர் பெயரில் ஸ்ட்ராங் சிட்டி ஆனது. ரயில் அந்த ஊருக்கு, கோர்ட் இந்த ஊருக்கு என்று இரண்டு மைல் இடைவெளியில் பங்கு பிரிந்தது. பிறகு 1956ல் டர்ன்பைக் என்ற கட்டணச் சாலை வந்தது. கவுண்டியின் தென்கிழக்கை வெட்டிக்கொண்டு போகும் அந்தச் சாலையிலிருந்து கவுண்டிக்குள் இறங்கப் பொதுவழி கிடையாது. பசார் பக்கம் ஒரே ஒரு இறக்கம் உண்டு. அது மாட்டுப் பட்டிக்கு. நாளுக்கு ஆயிரக்கணக்கான கார்கள் இந்தப் புல்வெளியைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போகின்றன. இறங்குகிற உரிமை மாட்டு லாரிக்கு மட்டும். இந்த ஆளரவமற்ற கவுண்டியைப் பன்னிரண்டு வரைபடக் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நடந்து, வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் 1991ல் 600 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தால்தான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரியும்.

கவுண்டிக்குப் பெயர் கொடுத்தவர் சால்மன் சேஸ். 1859ல் பெயர் வைக்கும்போது அவர் ஒஹையோ கவர்னர், அடிமை முறையை எதிர்த்த அரசியல்வாதி. கான்சாஸ் அடிமை மாநிலமா சுதந்திர மாநிலமா என்று ரத்தக்களரி நடந்த பத்தாண்டின் கடைசி அது. சுதந்திரத் தரப்பு ஜெயித்தது, தங்கள் ஆளின் பெயரை வரைபடத்தில் எழுதியது. பின்னால் லிங்கனின் நிதியமைச்சராகி, தலைமை நீதிபதியாகி, பத்தாயிரம் டாலர் நோட்டிலும் அவர் முகம் ஏறியது. ஆக, இந்தக் கவுண்டியின் பெயரிலேயே விடுதலை இருக்கிறது. அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் விடுதலைத் தரப்பும் அடிமைத் தரப்பும் எந்த நிலத்துக்காக அடித்துக்கொண்டார்களோ அந்த நிலத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்பது இரண்டு தரப்புக்கும் சங்கடமான விஷயமாகவே இருக்கவில்லை.

பதிவாளர் அறையில் ஒரு நிலத்தின் வில்லங்கத்தைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போகலாம். இன்றைய சொந்தக்காரர், அவருக்கு விற்றவர், அடமானம் பிடித்த வங்கி, பாகப்பிரிவினை, வாரிசு என்று போய், கடைசியில் ஒரு பட்டயத்தில் நிற்கும். அமெரிக்க ஐக்கிய நாடு இன்னாருக்கு இந்தக் கால் செக்‌ஷனைக் கொடுத்தது. அதற்குப் பின்னால் பக்கம் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு இது எப்படிக் கிடைத்தது என்பது இந்த அறையின் விஷயமில்லை. காவ் மக்களோடும் ஓசேஜ் மக்களோடும் 1825ல் போட்ட ஒப்பந்தங்கள் வாஷிங்டனில் இருக்கின்றன. காவ் மக்களைக் கான்சா என்றும் சொல்வார்கள். மாநிலத்தின் பெயரே அவர்களுடையது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் நிலம் சுருங்கி, 1846க்குப் பிறகு அவர்கள் சேஸ் கவுண்டிக்கு வடக்கே கவுன்சில் குரோவ் பக்கம் ஒரு ஒதுக்கு நிலத்தில் வந்து சேர்ந்தார்கள். அதுவும் அவர்களுக்கு நிலைக்கவில்லை. 1873 ஜூனில் இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கிளப்பிவிடப்பட்டார்கள். காட்டன்வுட் ஃபால்ஸில் கோபுரம் ஏறிய அதே வருடம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. கொத்தனார்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் அந்த வருடத்தை இரண்டு தடவை படிக்காமல் என்னால் தாண்ட முடியவில்லை.

நூறு வருடம் கழித்து, இந்த ஊர்க்காரர்களுக்கே தங்கள் நிலம் பறிபோகும் என்ற பயம் வந்தது. உயர்புல் நிலத்தைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் பல பத்தாண்டுகள் முயன்றார்கள். பண்ணைக்காரர்கள் விடவில்லை. மத்திய அரசு ஒருமுறை காலை வைத்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அந்தப் பயத்துக்கு முன்னுதாரணம் தேடி அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனால் அந்த முன்னுதாரணத்தை யாரும் சுட்டிக் காட்டியதாகத் தெரியவில்லை. கடைசியில் 1996ல் ஒரு சமரசம் பிறந்தது. உயர்புல் தேசியப் பாதுகாப்பிடம் என்று சுமார் 11,000 ஏக்கர். அதில் மத்திய அரசு 180 ஏக்கருக்கு மேல் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மிச்சம் தனியார் அறக்கட்டளை கையில். 2005லிருந்து பெரும்பகுதி நேச்சர் கன்சர்வன்சியுடையது. 1881ஐ ஒட்டி ஸ்டீஃபன் ஜோன்ஸ் என்ற மாட்டுக்காரர் கட்டிய கல்மாளிகையும் மூன்றடுக்குக் கல்தொழுவமும் அங்கேயே நிற்கின்றன. 2009ல் தெற்கு டகோட்டாவிலிருந்து 13 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

மத்திய அரசுக்கு 180 ஏக்கருக்கு மேல் கூடாது என்று பிடிவாதம் பிடித்த இதே கவுண்டி இன்னொரு விஷயத்தில் மத்திய அரசை வரவேற்றது. மாடிச் சிறை மூடிய பிறகு, ஊருக்குள்ளேயே புதிய சிறை ஒன்று கட்டினார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள கவுண்டிக்குத் தேவையான அளவு அது இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படுக்கைகள். குடியேற்றத் துறை பிடித்து வைக்கும் ஆட்களை ஒப்பந்தப்படி இங்கே அடைக்கிறார்கள். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று மத்திய அரசு கொடுக்கிறது. மக்கள் குறைந்துபோன கவுண்டிக்கு வருமானம், நாலு பேருக்கு வேலை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரிஃபின் நிர்வாகம். எங்கெங்கோ பிறந்து, எங்கோ இறைச்சிக் கூடத்திலோ கட்டட வேலையிலோ இருந்து பிடிபட்டு, நாடுகடத்தப்படக் காத்திருக்கும் மனிதர்கள் டவுன்ஷிப் 19 தெற்கு, ரேஞ்ச் 8 கிழக்கில் நாட்களைக் கழிக்கிறார்கள். புல்லைத் தின்று எடை ஏறக் காத்திருக்கும் வெளியூர் மாட்டையும் இவர்களையும் ஒப்பிடுவது மலிவான வேலை, செய்ய மாட்டேன். மேய்ச்சல் நிலமானாலும் சிறையானாலும் இந்தக் கவுண்டியின் பிழைப்பு வெளியிலிருந்து வந்து தங்கிப் போகிறவர்களின் நாள் கணக்கில் ஓடுகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கமிஷனர்களைக் குறைசொல்வது சுலபம். சின்னக் கவுண்டிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன என்று டொபீகாவில் அவ்வப்போது யாராவது கேட்பார்கள். கணக்குப்படி நியாயம்தான். 105 கவுண்டிக்கு 105 பதிவாளர், 105 பொருளாளர் எதற்கு? ஆனால் கவுண்டி போனால் கோர்ட் கட்டடம் அருங்காட்சியகமாகும், வக்கீல் பெரிய ஊருக்குப் போவார், மதியச் சாப்பாட்டுக் கடை மூடும், பிறகு பள்ளிக்கூடம். அதை இவர்கள் பக்கத்து ஊர்களில் பார்த்தவர்கள். கோபுரத்தைக் காப்பாற்ற எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். சிறையும் அந்த எதையாவதில் ஒன்று. புரிகிறது. புரிவதாலேயே சரியாகிவிடாது.

காவ் மக்கள் என்ன ஆனார்கள்? ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள், காவ் நேஷன் என்ற பெயரில் தங்கள் அரசாங்கத்தோடு. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கவுன்சில் குரோவுக்குப் பக்கத்தில், தங்கள் பழைய ஒதுக்கு நிலத்துக்குள் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை; சந்தையில் காசு கொடுத்து வாங்கியது. இடம்பெயர்வை எதிர்த்துப் பேசிய தலைவர் அலிகவாஹோவின் பெயரை அந்த இடத்துக்கு வைத்தார்கள். அவர்கள் புனிதமாக வைத்திருந்த பெரிய செம்பாறை ஒன்றை 1929ல் லாரன்ஸ் நகரத்தார் பெயர்த்துக்கொண்டுபோய், தங்கள் ஊரின் முதல் குடியேறிகளின் பெயர்ப் பலகையை அதில் பதித்துப் பூங்காவில் வைத்திருந்தார்கள். 2024ல் அந்தப் பாறையும் இந்த நிலத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த நிலத்தின் கிரயம் கவுன்சில் குரோவ் இருக்கும் மோரிஸ் கவுண்டியின் கோர்ட் கட்டடத்தில் பதிவான கிரயம். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எல்லாம் மற்றவர்களுக்கு எழுதுகிற மாதிரியேதான். இனி காவ் நேஷனுக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் வேலித் தகராறு வந்தால் மோரிஸ் கவுண்டி கமிஷனர்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய் நின்று பார்த்துத்தான் தீர்த்துவைக்க வேண்டும்.